கலக்கிக்கொண்டே இருக்கும் கைக்கு எந்த மாவைக் கொடுப்பது?

இரண்டரை வயதுப் பிள்ளையின் கையில் கரண்டியைக் கொடுத்தால் அது கலக்கும். "போதும் கண்ணு" என்றாலும் கலக்கும். பாத்திரத்தில் இருப்பது மாவா, தயிரா, வெறும் தண்ணீரா என்ற கவலையெல்லாம் அதற்கு இல்லை. ஆகவே வாண்டோடு சேர்ந்து சமைக்க உட்காரும்போது, எந்தப் பண்டம் பிள்ளைக்குப் பிடிக்கும் என்று யோசிப்பதற்கு முன்னால், எந்த மாவை எவ்வளவு கலக்கினாலும் கெடாது என்று யோசித்துவிடுவது நல்லது.

கோதுமையிலும் மைதாவிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய அது இழுவை கொடுக்கும். சப்பாத்திக்கு அந்த இழுவை வேண்டும். கேக்குக்கு அதுவே எமன். மைதா சேர்த்த கேக் மாவைப் பத்து நிமிடம் சுற்றினால் கேக் ரப்பராகும். வெட்டிப் பார்த்தால் உள்ளே புழு துளைத்ததுபோல நீள நீளமாக ஓட்டைகள் இருக்கும். அரிசி மாவில் குளூட்டன் கிடையாது. கொழுக்கட்டை மாவையோ பணியார மாவையோ பிள்ளை அரைமணி நேரம் கிளறினாலும் ஒன்றும் ஆகிவிடாது. குழந்தையோடு சமைக்கலாம் என்று வரும் குறிப்புகளில் பல மைதா கேக்கில்தான் தொடங்குகின்றன. வரிசை தலைகீழ். முதலில் அரிசி, அடுத்து சப்பாத்தி, பிறகு பிஸ்கட், கேக் கடைசியில். இந்த வரிசையில் போனால் வீணாகிற மாவு குறையும், அதட்டலும் குறையும்.

இடம் எது? தரை. பிள்ளையை அடுப்பு மேடை உயரத்துக்கு ஏற்ற ஸ்டூல், மரக்கோபுரம் என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல் மொசைக் தரையில் சறுக்கும். ஏறி நின்ற பிள்ளையின் கை எட்டும் தூரத்தில் அடுப்பும் கத்தியும் இருக்கும். பழைய பெட்ஷீட்டை நான்காக மடித்து ஹாலிலோ அடுப்படிக்கு வெளியிலோ விரித்து, நடுவில் விளிம்பு உயர்ந்த பெரிய தாம்பாளம் ஒன்றை வையுங்கள். நீங்களும் எதிரே உட்காருங்கள். சிந்துவதில் பெரும்பகுதி தாம்பாளத்திலேயே நின்றுவிடும். அரிவாள்மனை, தேங்காய்த் துருவி இரண்டும் அன்றைக்குக் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். கிரைண்டர் ஓடும் நேரத்தில் பிள்ளையை உட்கார்த்தவே வேண்டாம். கல் சுற்றுவதைப் பார்த்தால் விரலை விட்டுப் பார்க்கத் தோன்றும்.

அடுப்பு எரியும்போது பிள்ளை எங்கே நிற்கலாம் என்பதை வாயால் சொல்வதைவிடத் தரையில் காட்டுவது சுலபம். அடுப்பிலிருந்து மூன்று நான்கடி தள்ளி, வண்ண டேப்பால் ஒரு கோடு ஒட்டுங்கள். தாளிக்கும்போது கடுகு வெடித்துத் தெறிக்கும் தூரத்துக்கு அப்பால் அது இருக்க வேண்டும். சாக்பீஸாலும் போடலாம், எறும்புக்குப் போடுகிற சாக்பீஸ் மட்டும் வேண்டாம். அது பூச்சி மருந்து, பிள்ளை தொட்ட விரலை வாயில் வைக்கும். கோடு போட்டாயிற்று என்பதற்காகக் கண்ணை எடுத்துவிடவும் கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கோடு ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான்.

நேரமும் முக்கியம். சாயங்காலம் ஆறரை மணிக்குப் பசியும் தூக்கமும் சேர்ந்துவரும் வேளையில் மாவைக் கொடுத்தால் அழுகையில்தான் முடியும். காலைப் பலகாரம் முடிந்து பத்து மணிவாக்கில், அல்லது மதியத் தூக்கம் கலைந்து பால் குடித்த பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் ஒரே வேலையில் பத்து நிமிடம் நின்றாலே பெரிது. ஆகவே வெந்நீர் கொதிக்க வைப்பது, அளப்பது, சலிப்பது எல்லாம் பிள்ளையைக் கூப்பிடும் முன்பே முடிந்திருக்க வேண்டும். கை கழுவுவதற்கு முன் வளையல், காப்பு, மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அழுக்கு தங்குவது அங்கேதான். நகம் வெட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். சளி பிடித்து மூக்கு ஒழுகும் நாளில் பிள்ளைக்கென்று ஒரு உருண்டை மாவைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கான மாவு தனியே இருக்கட்டும்.

தொடங்குவதற்கு, சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டி அவிக்கும் அம்மிணிக் கொழுக்கட்டையைவிடத் தோதான பண்டம் வேறில்லை. வெந்நீரில் வெந்த மாவு என்பதால் துளி வாயில் போனாலும் பதற வேண்டாம். ஒரு கப் கொழுக்கட்டை மாவுக்கு (கடையில் இடியாப்ப மாவு என்று விற்பதும் ஆகும்) ஒன்றேகால் கப் தண்ணீர், கால் டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் உப்பும் எண்ணெயும் போட்டு, அடுப்பை அணைத்து, மாவைக் கொட்டிக் கரண்டிக் காம்பால் கிளறி மூடிவிடுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கை பொறுக்கும் சூட்டில் நீங்கள் பிசைய வேண்டும். பிள்ளையின் கைக்கு வரும்போது மாவு வெதுவெதுப்பாக இருந்தால் போதும். உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள், அங்கே சுடாவிட்டால் கொடுக்கலாம்.

உருட்டும்போது உருண்டையில் விரிசல் ஓடினால் மாவுக்குத் தண்ணீர் போதவில்லை. வெந்நீரைக் கையில் தொட்டுத் தொட்டுப் பிசையுங்கள். பச்சைத் தண்ணீர் சேர்த்தால் மேலே மட்டும் நசநசத்து உள்ளே உலர்ந்தபடியே இருக்கும். கையில் ஒட்டிக்கொண்டே வந்தால் தண்ணீர் கூடிவிட்டது. ஐந்து நிமிடம் மூடி வைத்து, எண்ணெய் தொட்ட கையால் மறுபடி உருட்டுங்கள். பழைய மாவு, புது மாவு, மாவு அரைத்த பதம் எல்லாவற்றையும் பொறுத்துத் தண்ணீர் மாறும் என்பதால் கால் கப் வெந்நீர் பக்கத்தில் இருக்கட்டும். உருட்டாத மாவை ஈரத்துணியால் மூடாவிட்டால் ஃபேன் காற்றில் காய்ந்து, பிள்ளை கையில் உதிரத் தொடங்கும். வாண்டோடு செய்யும்போது எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும், அதனால் துணியை மறக்கவே கூடாது.

பிள்ளையின் கையைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு வயதில் உள்ளங்கைகள் இரண்டையும் எதிரெதிர்த் திசையில் வட்டமாகச் சுற்ற வராது. முன்னும் பின்னும் தேய்க்கும். உருண்டைக்குப் பதிலாக வாழைப்பூ மொட்டு மாதிரி ஒன்று வரும், அல்லது அமுங்கித் தட்டையாகும். திருத்த வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ளும் மாவின் அளவு மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் கோலிக்குண்டு அளவானது எட்டு நிமிடத்தில் வேகும்போது எலுமிச்சை அளவானது உள்ளே மாவாகவே நிற்கும். நீங்கள் சின்னச் சின்னதாகக் கிள்ளித் தாம்பாளத்தின் ஓரமாக வரிசையாக வைத்துக்கொண்டே வாருங்கள், பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்து உருட்டட்டும். இட்லிச் சட்டியில் எட்டிலிருந்து பத்து நிமிடம். மேலே பளபளப்பு ஏறி, ஈரவிரலால் தொட்டால் ஒட்டாமல் இருந்தால் வெந்துவிட்டது.

பெரியவர்களுக்குக் கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்த் துருவலோ இட்லிப் பொடியோ தூவிப் புரட்டினால் ஆயிற்று. பிள்ளைக்கு மிளகாய் போடும் முன்பே தனியே எடுத்துவிடலாம். இங்கே ஒரு எச்சரிக்கை: வழுக்கும் உருண்டையை நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுதாகக் கொடுக்கக் கூடாது. தொண்டையில் போய் அடைக்கும் வடிவம் அது. வெந்த பிறகு விரலால் நசுக்கித் தட்டையாக்கி இரண்டாகப் பிய்த்துக் கொடுங்கள். உருட்டியது உருண்டை, தின்பது தட்டை. பிள்ளை கோபித்துக்கொண்டால் நசுக்கும் வேலையையும் அதற்கே கொடுத்துவிடலாம்.

பிடி கொழுக்கட்டை இன்னும் சுலபம். விரல் தடம் பதிந்திருப்பதுதான் அதன் லட்சணம் என்பதால் பிள்ளை பிடித்ததைக் குறை சொல்ல ஒருவராலும் முடியாது. ஒரு கப் அரிசி ரவைக்கு இரண்டு கப் தண்ணீர், முக்கால் கப் வெல்லம், கால் கப் தேங்காய்த் துருவல், ஏலக்காய். உப்புமா பதத்தில் கிளறி, ஆறவிட்டு, பிடித்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வையுங்கள். இரண்டு வயது முடியாத பிள்ளைக்கு இனிப்பு சேர்க்க வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான அறிவுரை. வெல்லமும் இனிப்புக் கணக்கில்தான் வரும். அந்த வயதுக்கு வெல்லத்தை விட்டுவிட்டு, கொஞ்சம் பாசிப்பருப்பு சேர்த்து உப்புக் கொழுக்கட்டையாகப் பிடிக்கலாம்.

ஒரே ஒரு உருண்டைப் பண்டத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்கவே கூடாது: சீடை. சீடையை லேசாகத்தான் உருட்ட வேண்டும். பிள்ளை பலத்தையெல்லாம் கூட்டி அழுத்தி, மழமழவென்று உருட்டும். எண்ணெயில் விழுந்ததும் உள்ளே மாட்டிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் சீடை வெடிக்கும், கொதிக்கும் எண்ணெய் கூரை வரை தெறிக்கும். கோகுலாஷ்டமி அன்று ஆசைக்குக் கொஞ்சம் மாவு கொடுத்தால் அந்த உருண்டைகளை எண்ணெயில் போடாதீர்கள்.

சப்பாத்தியில் பிள்ளையின் பிசைதல் நமக்கு உதவி. ஒரு கப் கோதுமை மாவுக்கு (சுமார் 125 கிராம்) மொத்தம் 75 முதல் 85 மில்லி தண்ணீர் பிடிக்கும். முழுத் தண்ணீரையும் டம்ளரில் கொடுத்தால் ஒரே கவிழ்ப்பில் கூழாகிவிடும். 50 மில்லியைச் சின்ன டம்ளரில் கொடுங்கள், மிச்சம் உங்கள் கையில் இருக்கட்டும். எண்ணெய் ஒரு டீஸ்பூன். தேய்க்கும்போது வரும் தொல்லை வேறு: பிள்ளைகள் வரமாவை அள்ளி அள்ளித் தூவும். ஒட்டியிருக்கும் உலர்மாவு தோசைக்கல்லில் கருகிக் கசக்கும், சப்பாத்தியும் வறட்டியாகும். கல்லில் போடும் முன் இரண்டு கையாலும் தட்டி உதறிவிடுங்கள். கட்டைக்கு, திருவிழாக் கடையில் வாங்கிய சாயம் பூசிய சொப்புக் கட்டை வேண்டாம். சாயம் பூசாத சின்னப் பூரிக்கட்டை பாத்திரக் கடையிலேயே கிடைக்கும். பிள்ளை தேய்த்தது ஒரு பக்கம் மெலிந்தும் ஒரு பக்கம் தடித்தும் இருக்கும். தீயைக் குறைத்து, தடித்த இடத்தைத் துணியால் அழுத்திச் சுட்டால் வெந்துவிடும்.

கோதுமையும் மைதாவும் பச்சையாக வாயில் போகக் கூடாது. முட்டை சேர்க்கவில்லையே என்று பலர் நினைக்கிறார்கள்; முட்டை இல்லாவிட்டாலும் மாவே பச்சைப் பொருள்தான். வயலிலிருந்து வந்த கிருமி அரைப்பதால் சாவதில்லை. 2016-இல் அமெரிக்காவில் மாவு மூலம் ஈ கோலை என்ற கிருமி பரவி 63 பேருக்கு நோய் வந்தது. அவர்களில் உணவகங்களில் விளையாடக் கொடுத்த பச்சை மாவு உருண்டையைக் கையில் வைத்திருந்த குழந்தைகளும் உண்டு. வாணலியில் வறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் நம்ப முடியாது. உலர்ந்த மாவில் சூடு ஒரே சீராக ஏறாது, ஈரமில்லாத இடத்தில் கிருமி சூட்டைக் கூடுதல் நேரம் தாங்கும். நடைமுறையில் ஒரு வழி இருக்கிறது. மாவு வேலைக்கு உட்காரும்போது ஒரு கிண்ணத்தில் பழத்துண்டோ இட்லித் துண்டோ பக்கத்தில் வைத்துவிடுங்கள். வாய்க்கு வேலை இருந்தால் மாவு அங்கே போவது குறையும். முடிந்ததும் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவ வேண்டும்.

இனி பிஸ்கட். 130 கிராம் கோதுமை மாவு, 60 கிராம் நெய், பொடித்துச் சலித்த நாட்டுச்சர்க்கரை 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், சேர்ந்து வருவதற்கு இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் பால். நாட்டுச்சர்க்கரையைச் சலிக்காமல் போட்டால் கட்டிகள் உருகிக் கரும்புள்ளியாக நிற்கும். நெய் உறைந்து வெண்ணெய் போல இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் நம் ஊர் நெய் தண்ணீராக ஓடும். அதை அப்படியே ஊற்றிப் பிசைந்தால் பிஸ்கட் தட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிவிடும். நெய்யை இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். பிசைந்த மாவையும் மூடி இன்னொரு இருபது நிமிடம். பிள்ளைக்கு எழுந்து ஓடிவர இந்த இடைவேளை தேவைப்படும்.

தேய்ப்பதற்குப் பால் கவரை இரண்டு பக்கமும் வெட்டி விரித்துக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். போளிக்கும் அதிரசத்துக்கும் செய்வதுதான். இரண்டு கவருக்கு நடுவே மாவை வைத்துவிட்டால் கட்டையில் ஒட்டாது, வரமாவும் தேவையில்லை. கனம் அரை சென்டிமீட்டர் இருக்கட்டும். கடைசித் தேய்ப்பை நீங்கள் தேய்த்துச் சமன் செய்துவிட்டு, வெட்டும் வேலையைப் பிள்ளைக்கு விடுங்கள். விளிம்பு மழுங்கிய ஜாடி மூடி போதும். ஓரம் வெடித்தால் ஒரு டீஸ்பூன் பால்.

160 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே பத்து நிமிடம் சூடேற்றிய ஓடிஜியில் (மேடையில் வைக்கும் சின்ன மின்சார அவன்), நடுத் தட்டில், பதினைந்து முதல் பதினெட்டு நிமிடம். மெலிந்ததையும் தடித்ததையும் ஒரே தட்டில் வைத்தால் ஒன்று கருகும்போது மற்றது வேகாது. தனித்தனித் தட்டில் வைத்து மெலிந்ததை நாலைந்து நிமிடம் முன்னால் எடுங்கள். வெளியே எடுக்கும்போது பிஸ்கட் மெத்தென்றுதான் இருக்கும். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். இதை அறியாமல் உள்ளேயே வைத்து இறுக விடுகிறவர்கள் கரியைத்தான் எடுக்கிறார்கள். ஓடிஜியின் கண்ணாடிக் கதவும் மேல்தகடும் அணைத்த பிறகும் அரைமணி நேரமாவது சுடும். மேடையின் உள்பக்கமாக, வயர் தொங்காமல் வைத்திருங்கள். வயரைப் பிடித்து இழுப்பதில் வாண்டுகளுக்கு அலாதி பிரியம்.

கேக் செய்தே ஆக வேண்டுமென்றால் வாழைப்பழக் கேக்தான். வெளிநாட்டுக் குறிப்புகளில் 'இரண்டு வாழைப்பழம்' என்று இருப்பதைப் படித்துவிட்டுப் பூவன் பழம் இரண்டைப் போட்டால் மாவு கட்டியாகிக் கேக் உலர்ந்துபோகும். எடை போடுங்கள்: மசித்தது 200 கிராம். ரோபஸ்டா இரண்டு, பூவன் என்றால் நாலைந்து. நேந்திரம் சரியாக மசியாது. விருப்பாச்சி மலைப்பழத்தைக் கேக்கில் போடுவது பாவம், அதை உரித்து அப்படியே சாப்பிட வேண்டும்.

இங்கே வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டால் கரண்டிச் சண்டை வராது. மசித்த பழம், நாட்டுச்சர்க்கரை 80 கிராம், எண்ணெய் 60 மில்லி, தயிர் 60 மில்லி. இவற்றைப் பிள்ளை ஆசை தீரக் கலக்கட்டும். மாவு இன்னும் சேரவில்லை, குளூட்டனும் இல்லை. பிள்ளை அலுத்துப்போய்க் கரண்டியைப் போட்ட பிறகு, 150 கிராம் மாவு (பாதி மைதா, பாதி கோதுமை), ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் ஆப்பசோடா, சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சலித்து நீங்கள் சேருங்கள். பதினைந்து இருபது முறை மடித்துக் கலந்தால் போதும், அங்கங்கே சின்னக் கட்டி இருந்தாலும் பரவாயில்லை. தயிரின் புளிப்பு பட்டதும் ஆப்பசோடா நுரைக்கத் தொடங்கிவிடும். அந்தக் காற்று வெளியேறும் முன் டின் அடுப்புக்குள் போக வேண்டும். ஏழு அங்குல டின், 170 டிகிரி, முப்பத்தைந்து முதல் நாற்பது நிமிடம். மேலே சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். சின்ன ஓடிஜிகளில் மேல்கம்பி கேக்குக்கு மிக அருகில் இருப்பதால் இது வழக்கமாக நடப்பதுதான்.

ஆப்பசோடாவையும் உப்பையும் பிள்ளை அளக்கக் கூடாது. சோடா கூடினால் சோப்பு வாடையும் கசப்பும் வரும், கேக் கறுக்கும். உப்பு விஷயம் அதைவிடப் பெரிது: ஒரு டீஸ்பூன் உப்பை விழுங்கினாலே சின்னக் குழந்தையின் உடம்புக்கு ஆபத்து. அளக்கத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், நீங்கள் எடை போட்டு வைத்த மாவையே கப்பால் மொண்டு மொண்டு கிண்ணத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். எத்தனை கப் ஆனாலும் எடை மாறாது.

அரிசி, கீரை, காய் வேலைகளிலும் வாண்டுக்கு இடம் உண்டு. முருங்கைக்கீரை உருவலாம், ஆறிய உருளைக்கிழங்கை உரிக்கலாம், அவித்த முட்டையைத் தட்டில் உருட்டி ஓடு நீக்கலாம். பச்சைப் பட்டாணி உரிக்கும்போது எழுந்து போகாதீர்கள், மூக்கில் போட்டுக்கொள்ளும். வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் கைக்கு எட்டக் கூடாது. மிளகாய்த்தூள் பட்ட கையைத் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கழுவினால் காரம் போகாது. எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போடுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் எண்ணெய் வேண்டாம், சுத்தமான தண்ணீர் நிறைய. சூடு பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பேஸ்ட், மை, இட்லி மாவு என்று பக்கத்து வீட்டுப் பாட்டி எதைச் சொன்னாலும் தடவாதீர்கள். கொப்புளம் வந்தாலோ, முகத்திலோ கையிலோ பட்டிருந்தாலோ டாக்டரிடம் போய்விட வேண்டும்.

எல்லாம் முடிந்து தரையைப் பார்த்தால் ஈரத்துணியை எடுக்கத்தான் தோன்றும். எடுக்காதீர்கள். உலர்மாவில் ஈரம் பட்டால் பசையாகும். முதலில் பெட்ஷீட்டின் நாலு மூலையையும் பிடித்துத் தூக்கி வெளியே உதறுங்கள், மீதியைத் துடைப்பத்தால் பெருக்குங்கள், பிறகு துடைக்கலாம். நாட்டுச்சர்க்கரை சிந்திய இடத்தை உடனே துடைக்காவிட்டால் எறும்பு வந்துவிடும். மைதா ஒட்டிய பாத்திரத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான் சரி, வெந்நீர் ஊற்றினால் மாவு வெந்து இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தாம்பாளத்தில் காய்ந்து கிடக்கும் மாவுத் துணுக்குகளைச் சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். சிங்கில் தள்ளிவிட்டால் பைப் வளைவில் போய் அடைத்துக்கொள்ளும், பிளம்பரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.